முதலில் காலி வேன்

புதிய பாதையில் யோகேஸ்வரி எடுத்த எடுப்பிலேயே ஆள் ஏற்றிக்கொண்டு போனதில்லை. முதலில் காலி வேனை ஓட்டிப் பார்ப்பாள். எங்கே பள்ளம், எங்கே கழிப்பறை, எந்தக் கடைக்காரன் முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்தவிடுவான் என்றெல்லாம் பார்த்துத் திரும்பிய பிறகுதான் அடுத்த வாரம் ஆட்களை ஏற்றுவாள். வீண் எண்ணெய்ச் செலவு என்று மற்ற வேன்காரர்கள் சிரிப்பார்கள். அவள் புருஷன் மனோகரனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பவர்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

சனிக்கிழமைதோறும் விடியுமுன் சுங்கைப் பட்டாணியிலிருந்து கிளம்பி, மலேசிய எல்லையைத் தாண்டி, தாய்லாந்தின் ஹாட்யாய்ச் சந்தைக்கு ஆட்களைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அவள் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதான பெண்கள். உச்சி வெயிலுக்குள் துணியும் பழமும் வாங்கி முடித்துவிடுவார்கள். அதன்பிறகு மற்றவர்கள் வரும்வரை, வீங்கிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேனுக்குள்ளேயே கிடப்பார்கள். பல வருஷமாக அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஓர் அறை வாங்க அவள் முடிவு செய்தாள். ஓர் அறை, ஒரு குளியலறை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர் பெயரிலும் பதிவு செய்து தருவார்கள்.

வேன் ஓட்டிச் சேர்த்த பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு, சுங்கை லாலாங்கில் இருந்த சின்ன வீட்டை விற்கப் பேசியிருந்தாள். வாங்குபவர் நல்ல மனிதர். ஆனால் பெயர் மாற்றுவதற்கான அனுமதிக் கடிதம் நில அலுவலகத்திலிருந்து வந்தபாடில்லை. “இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்மா” என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். ஹாட்யாயிலோ மாதக் கடைசியில் பதிவு. அன்றைக்கு நாற்பதாயிரம் மலேசிய வெள்ளி குறைந்தால் அறையும் போகும், முன்பணமும் போகும்.

ஒருநாள் மாலை மனோகரன் வாயெல்லாம் பல்லாக வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பரஞ்சோதி அண்ணன்கிட்ட பேசிட்டேன். முழுப் பணத்தையும் அங்கேயே தாய்லாந்துக் காசா, பாட்டாவே குடுத்துடறாராம். வட்டி கிடையாதுலா! நான் சரின்னு சொல்லிட்டேன்.”

பரஞ்சோதி ஹாட்யாய்த் துணிக்கடைக்காரர். அவள் வேனில் வரும் பெண்களெல்லாம் முதலில் நுழைவது அவர் கடையில்தான்.

“என்னைக் கேக்காமயே சொல்லிட்டீங்களா?”

“கேட்டா நீ யோசிப்ப. சரி, வேற வழி என்னா இருக்கு, சொல்லு? பேங்க் லோன் வேணாங்கற.”

“மூணு மாசத் தேவைக்கு அஞ்சு வருஷக் கடனாங்க?”

“கூட்டு இருக்குல்ல? நீதானே தலைவி, இந்த மாசம் எடுத்துக்கயேன்.”

பத்துப் பதினைந்து பெண்கள் மாதாமாதம் பணம் போட, முறை வைத்து ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொள்ளும் கூட்டு அது.

“இந்த மாசம் ரமணி அக்கா முறை. மக கல்யாணம் வருது. அதுல கை வெக்கச் சொல்றீங்களா?” என்றவள், சற்றுப் பொறுத்து, “புதன்கெழமை ஹாட்யாய்க்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன்” என்றாள்.

“பணம் இல்லாம அங்க போயி என்னா செய்வ?”

“காலி வேன்தான்.”

மனோகரன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹாட்யாய் நில அலுவலகத்தில், சந்தையில் கற்ற தாய்லாந்து மொழியை வைத்துக்கொண்டே அவள் கேட்டாள். மாதக் கடைசியில் வருகிறேன், என்னென்ன கேட்பீர்கள்? முகப்பில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். பணம் வெளிநாட்டுப் பணமாக, வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்ததற்குத் தாள் வேண்டும். இங்கேயே ஒருவரிடம் பாட்டாகக் கடன் வாங்கிக் கட்டினால்? அந்தப் பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள். பதிவு நடக்காது.

யோகேஸ்வரி நேராகத் துணிக்கடைக்குப் போனாள்.

“அண்ணே, ஒங்க பணம் எனக்கு வேணாம்.”

பரஞ்சோதியின் முகம் சுருங்கிவிட்டது. “ஏம்மா, நான் என்ன வட்டிக்காரனா?”

“நீங்க குடுக்கறது தங்கம்ணே. ஆனா அந்தத் தங்கம் இங்க செல்லாது” என்று அலுவலகத்தில் கேட்டதைச் சொன்னாள்.

“அட, நான் இங்கேயே பொறந்தவன். என்கிட்ட அந்தத் தாளெல்லாம் யாரு கேட்டா?” என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, பணந்தான் வேணாம். பதிவு அன்னைக்கிப் பேசறதுக்கு ஆள் வேணுமில்ல? நான் வரேன்.”

அதை அவள் மறுக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். பணம் வெள்ளியாகச் சுங்கைப் பட்டாணியில் இருந்துதான் கிளம்ப வேண்டும். வீட்டுப் பணம் வந்த அன்றைக்கே கடனை முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தவறிப் போனால் தன்னோடு போக வேண்டும், வீட்டு வாசலில் எவனும் வந்து நிற்கக் கூடாது. இத்தனைக்கும் பொருந்தியது அடகுக்கடை ஒன்றுதான். தவணை ஆறு மாதம். எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனைக்குத்தான் வட்டி. மூழ்கினால் நகையோடு சரி.

“அடுத்த வாரம் ரமணி வீட்டுக் கல்யாணம். மொட்டைக் கழுத்தோட வந்து நிப்பியா?” என்றார் மனோகரன்.

“தாலி இருக்குல்லங்க” என்றாள். மற்ற நகைகள் அனைத்தையும் அடகுக்கடையில் கழற்றிக் கொடுத்தாள். கிடைத்த பணத்தைக் கையில் கொண்டுபோகாமல், எதற்கென்று எழுதி வங்கி வழியாக அனுப்பினாள்.

கல்யாணப் பந்தியில் ரமணி எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள். “என்னா யோகேசு, நகையெல்லாம் சியாம்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டியா?”

“ஆமாக்கா. நீங்க கால நீட்டிப் படுக்கணுமே, அதுக்குத்தான்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. அதுவரை இலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்த மனோகரனின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்டது.

பதிவு நாளில் அந்த முகப்புப் பெண் கேட்ட முதல் தாளே வங்கித் தாள்தான். யோகேஸ்வரி எடுத்து நீட்டினாள். பரஞ்சோதிக்குப் பேசுவதற்கு வேலையே வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நண்பகலில், அந்த அறையின் தரையில் பாய் விரித்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள் ரமணி. “ஏசி பத்தலலா” என்று அதிலும் ஒரு குறை.

மூன்றாம் மாதம் வீட்டுப் பணம் வந்தது. அன்று மாலையே அடகுக்கடைக்குப் போனார்கள். வளையல்களை மனோகரனே ஒவ்வொன்றாக அவள் கையில் போட்டுவிட்டார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: “சொங்க்லா கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி ரெண்டு பேரு கேக்கறாங்க.”

“அப்போ காலி வேன் என்னைக்கி?”

“புதன்கெழமை.”

“நானும் வரேன்” என்றார் மனோகரன். “எண்ணெய்க் காசு என்னோடது.”