பித்தளை வாளியில் ஒரு பிடி பவுடர்

பம்பாய் மழையில் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருப்பவள்தான் கெட்டிக்காரி என்று எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பட்டியலில் நான் இல்லை. கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே என் வீட்டுக்காரரின் ஆபீஸ் சட்டைகள் பழுப்பேறி, ஈர நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிட்டன. கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் காயாது. சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாவின் துணிகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைக் காட்டி, காகிதத்தில் கொஞ்சம் மடித்தும் கொடுத்தாள். ஒரு வாளித் தண்ணீருக்கு அரை ஸ்பூன் போதும். தனியாகக் கரைத்துத் தெளிய வைத்து, வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஊறக்கூடாது, மூன்று தண்ணீரில் அலச வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு விரலை ஆட்டினாள்.

"பீத்தல் மே நை. கட்டா பில்குல் நை."

பித்தளையில் வேண்டாம், புளிப்பு அறவே கூடாது. அன்றைக்கு என் ஹிந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் என்றாலும் இது நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் பித்தளை வாளி ஒன்றுதான். மாமியார் மடியில் கெட்டி. குளித்துவிட்டு வந்தால் சமையல் முடிகிறவரை அவரை யாரும் தொடக்கூடாது. எனாமலும் தகரமும் அவர் மடிக்கு ஆகாது. அந்த வாளியைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக வைத்திருப்பார். எனக்கோ அவசர புத்தி. அரை ஸ்பூனுக்கே இவ்வளவு வெளுப்பு என்றால் ஒரு பிடி போட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஒரு நாள் காலை அவர் பூஜையில் இருந்தபோது, தண்ணீர் நிறைந்த பித்தளை வாளியில் ஒரு பிடியை அப்படியே கொட்டி, மூன்று சட்டைகளை முக்கினேன். வடிகட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு விலக்கு வந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் நான் எதையும் தொடக்கூடாது. வீட்டு வாசலை ஒட்டி ஓடும் கேலரியின் கோடியில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு, அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். போகிற போக்கில், "அம்மா, மோரியில வாளி இருக்கு. சட்டையை மட்டும் அலசிடுங்கோ" என்றேன். வாளியில் என்ன போட்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால், என் வாளியிலயா போட்டே என்று பிடித்துக்கொள்வார். அந்த ஒரு திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு பாயில் போய் உட்கார்ந்தேன்.

மோரி என்பது எங்கள் அடுப்படியை ஒட்டி, ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து குளிக்கிற அளவு இடம். ஜன்னல் கிடையாது. மழையில் உப்பிய கதவு, சாத்தினால் தோளால் இடித்தால்தான் திறக்கும். மாமியாருக்கோ மழை வந்தாலே இளைப்பு. படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கும்.

ஊறின துணியைத் தொட்டால் மறுபடி குளித்தாக வேண்டும் என்பது அவர் மடி. பூஜை முடித்து மறுபடி குளிக்கப் போனவர் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. சட்டைகளைப் பிழிந்து போடும் சத்தமும் கேட்டது. பிறகு அவர் குரல்.

"ஐயையோ, வாளி கறுத்துப் போயிடுத்தே!"

பித்தளை கறுத்தால் மாமியார் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மோரி மாடத்தில் புளி எப்போதும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மாவின் விரல் என் கண்முன் ஆடியது.

"அம்மா, புளி போடாதீங்கோ! தண்ணியைக் கொட்டிடுங்கோ!" என்று கத்தினேன்.

பதிலுக்கு இருமல்தான் வந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்காத இருமல். மூக்கைக் குத்துகிற ஒரு நெடி கேலரிவரை வந்தது. பவுடர் தண்ணீரில் புளி விழுந்துவிட்டது.

பாயின் விளிம்பில் ஒரு கணம் நின்றேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. உள்ளே இருப்பவர் மடியில் இருக்கிறார், நான் இருக்கிற நிலை இது, தொடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அதற்குள் இருமல் நின்றுவிட்டது. இருமலைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது.

ஓடினேன். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கதவைத் தோளால் இரண்டு இடி இடித்தேன். ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இடுப்பைக் கட்டிப் பிடித்து, தரதரவென்று இழுத்து, அடுப்படி, கூடம் எல்லாம் தாண்டிக் கேலரியில் கொண்டுவந்து போட்டேன். என் பாயிலேயே. மழைக்காற்று முகத்தில் அடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மராட்டிக்கார அம்மா எங்கள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, கீழ் வீட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். நான் என் சொம்புத் தண்ணீரால் மாமியாரின் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, மார்பில் குழல் வைத்துக் கேட்டார். அரை மணி நேரம் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "பயமில்லை, காற்று நன்றாகப் போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

"அம்மா, நான்தான் பவுடரைப் போட்டேன். சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்டி" என்றார், குரல் வராமல். "நான் போட்டிருந்தா பித்தளையிலயா போட்டிருப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். சிரித்ததில் மறுபடி இருமி, என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே தலைக்குக் குளிக்க வேண்டும் என்பாரோ என்று பார்த்தேன். மோரி வாசலில் இன்னும் நெடி. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஈரப் புடவையோடு என் பாயிலேயே சாய்ந்துகொண்டார்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. கூடவே வாங்கிய பவுடர் டப்பா, மூடி இறுக்கி, புளி, எலுமிச்சை, பித்தளை எதுவும் அண்டாத இடத்தில் கேலரி அலமாரியில் ஏறியது. அரை ஸ்பூனை மாமியாரே அளந்து கொடுப்பார். சட்டைகள் ஒருவழியாக வெளுத்தன.

அடுத்த மாதம் எனக்கு நாள் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கேலரிக்குக் கிளம்பினேன். மூன்று நாள் வழக்கத்தை அவர் விடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என்னை வழி மறித்தார்.

"அங்க எங்க போறே? மோரி வாசல்ல போட்டுக்கோ. நான் கூப்பிட்டா உன் காதுல விழணும்."

பிளாஸ்டிக் வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் குளிக்கப் போனார்.