தூசிக்கு நான் கட்டிய வரப்பு

மாட்டுக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை போட்டேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், போட்டேன். நாலாம் வகுப்புக்காரனுக்குக் கடன் இல்லை என்று பேங்கில் கையை விரித்தார்கள், லேத்தும் வாங்கினேன். கொல்லங்கோட்டைச் சுற்றி எந்த அறுவடை மெஷின் நின்றாலும் என் வாசலுக்குத்தான் வரும். பால் சொசைட்டிக்கு ஸ்டீல் டாங்கி, கோயில் தேருக்கு இரும்பு அச்சு எல்லாம் இந்தக் கை செய்தது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது, தூசியில் அலை ஓட்டிய பாத்திரம்.

பாலக்காட்டுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் டீச்சர் அந்தப் பாத்திரத்தின் வரைபடத்தோடு வந்தார். கல்பாத்திக்காரர். காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் வாயு விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ட்யூப்லைட் போல ஒளிருமாம். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். உள்ளே கிடக்கும் உலோகத் தட்டத்துக்கு மேலே, அதில் தூசி மிதக்கும். அந்தத் தூசியை மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்டி அதிர்ச்சி அலை கிளப்ப வேண்டும்.

பாத்திரத்தைப் பளபளவென்று செய்து, உள்ளேயும் பிரைமர் அடித்துக் கொடுத்தேன். டாங்கிக்கு அப்படித்தான் அடிப்பேன். டீச்சர் தலையில் கை வைத்தார்.

“என்ன அண்ணா இது? பெயின்ட்லேர்ந்து ஆவி வந்துண்டே இருக்கும். காத்தை எப்படி எடுக்கறது?”

“காசு கேக்காம அடிச்சு உட்டனுங்க டீச்சர்!”

சுரண்டிக் கொடுத்தேன். பாத்திரம் சொட்டுக் காற்றுகூட விடவில்லை. ஆனால் அலை வரவில்லை. தட்டியதும் தூசி பக்கவாட்டில் சிதறுகிறது என்று டீச்சர்தான் கண்டுபிடித்தார்.

“வரப்பு கட்டிப் போடலாமுங்களா? தட்டத்து ஓரத்துல, சுத்தி?” என்றேன்.

அவர் யோசித்தார். “அந்த வரப்புத் தகட்டோட மின்சாரம் தூசியை உள்ளே தள்ளும். பண்ணிப் பாருங்கோ.”

முதலில் உயரமாக வைத்தேன். தூசி நடுவில் குவிந்துவிட்டது. இறக்கி இறக்கித் தேய்த்து, விரல் பருமனுக்குக் கொண்டுவந்தேன். பச்சை லேசர் வெளிச்சத்தில் தூசி பாய் விரித்தாற்போல நின்றது. கல்லூரிக்காரர்கள் ஒரு முனையில் தட்டினார்கள். பளிச்சென்று ஒரு கோடு மறுமுனைக்கு ஓடியது. செக்போஸ்டில் முன்லாரி பிரேக் போட்டால் நெரிசல் பின்னால் ஓடுமே, அப்படி. தூசி ஓடவில்லை, நெருக்கம்தான் ஓடியது. டீச்சர் கைதட்டினார். நானும்தான்.

இப்போது இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போகிறது. கடைசி வரியைத் தமிழில் சொல்லச் சொன்னேன்: ‘உள்ளூர்ப் பட்டறை ஒன்றுக்கு நன்றி.’

“எந்தப் பட்டறைங்க? பஞ்சர் ஒட்டறதா?”

“ஜர்னல்ல அப்படித்தான் போடுவா, அண்ணா.”

“எழுதறது நீங்கதானுங்களே?”

அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்தார்.

எழுதியவர்கள் வரிசையில் எனக்கு இடம் வேண்டாம். கணக்குப் போட்டது அவர்கள். ஆனால் தட்டத்தின் படத்துக்குக் கீழே, இந்த வரப்பை யோசித்ததும் செய்ததும் யார் என்று, ஊரோடு முழுப் பெயர் வர வேண்டும். முடியாதென்றால் படத்திலிருந்து வரப்பை அழித்துவிட்டு அச்சடிக்கட்டும். இல்லை, டீச்சர் நியாயக்காரர், திருத்துவார். திருத்தியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.