அண்ணன் பாஸ் செய்த பொடுதலை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நல்லவர், வல்லவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். நான் கண்டதை எழுதுகிறேன்.

பெருமாநல்லூருக்குப் பக்கம் பிறந்தவர். அப்பா சிறுவயதிலேயே போய்விட, படிப்பை நிறுத்திச் சாயப்பட்டறைக்குப் போனார். துணியின் நிறம் சாம்பிளோடு சேர்கிறதா என்று பார்க்கும் வேலை. அவர் "ஷேடு சேரலை" என்றால் அந்தத் துணி தையலுக்குப் போகாது. ஒரே தடவையில் சாயமேற்றிய துணி ஒரு 'லாட்'; லாட் மாறினால் நிறமும் மாறும் என்பார். என்னைப் படிக்கவைத்தது, நல்லூரில் வீடு கட்டியது எல்லாம் அந்தக் கண்தான். அதே கண்ணால் எங்களைப் படுத்தியும் வைத்தார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

கடைசி மாதங்களில் சாப்பாடு கசந்துவிட்டது. "எது இறங்குதோ அதைக் கொடுங்க" என்றார் மருத்துவர். இறங்கியது பொடுதலைத் துவையலும் சோறும் மட்டும். சாயத்தண்ணீர் சேராத மழைக்குளத்தின் ஓரம், தரையோடு படரும் பூண்டு அது. அண்ணிதான் பறித்து வருவார். கோடையில் குளம் வற்றியதும் ஓரத்துப் பச்சைக்கொடி அருகிப்போனது. மேட்டில் சிவந்த, சின்ன இலைக்கொடிதான் மிஞ்சியது. அண்ணி அதை அரைத்து வைத்தார். மிச்சக் கொடியை வாங்கிப் பார்த்த அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இது பொடுதலை இல்ல. ஷேடே சேரலை."

"ஏனுங்க, இலை நுனியில மட்டும் பல்லு இருக்குதுங்க. கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்குது. பூவும் அதே பூவுங்க. வெயில்ல செவந்திருக்குது, அவ்வளவுதான்."

"லாட் வேற அம்முணி. எனக்குத் தெரியாதா?"

மறுநாளும் வெறும் கஞ்சித்தண்ணீர். எனக்குப் பயம். அண்ணிக்கோ கோபம். என்னையும் இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். ஈரம் மிஞ்சிய பள்ளத்திலிருந்து மேடுவரை ஓடிய ஒரே கொடியை, அறுந்துவிடாமல் கணுக்கணுவாகக் கிளப்பினோம். வீட்டுக்கு வந்து கட்டிலின் குறுக்கே நீட்டினார். ஒரு முனை பச்சை, மறுமுனை சிவப்பு.

"எங்கீங்க லாட் மாறுது? கை வெச்சுக் காட்டுங்க பார்க்கலாம்!"

அண்ணன் விரலால் கொடியைத் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சேரி, பாஸ் பண்ணிட்டேன். அரைச்சுக் கொண்டா."

அன்று மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நிறத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

கவனித்த மருத்துவருக்கும், வேலையை விட்டு ஓடிவந்த பட்டறை நண்பர்களுக்கும், தோள் கொடுத்த நல்லூர் வீதிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு என்னவென்று நன்றி சொல்வது? எங்கள் அண்ணன் பட்டினியாகப் போகவில்லை. வயிறு நிறைந்துதான் போனார்.