பிரசங்கம் முடிந்ததும் வெளியே போகிறவர்கள்

குழந்தைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதப் பாடம், நடத்துவது சுகமான வேலை. பெரியவர்களுக்கு நடத்திப் பாருங்கள், அப்புறம் தெரியும். "கடவுள் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் குழந்தை "எங்கும்!" என்று கத்திவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடும். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எங்கும்னா எங்க ஹவுஸ் ஓனர் வீட்டுலயுமா மேடம்?" என்பார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்களே, கணவருக்குச் செல்போன் சொல்லித்தரும் மனைவிமார்களே, உங்களுக்கு என் வலி புரியும்.

எனக்கு மைசூரில் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் டீச்சர். "நீங்க நல்லாப் பேசறீங்க" என்று ஐஸ் வைத்துத்தான் எங்கள் பங்குக் கோயில் ஃபாதர் இந்த வகுப்பை என் தலையில் கட்டினார். கத்தோலிக்கராக வேண்டும் என்று ஒரு பெரியவர் வந்தால், வந்தோம், தண்ணீர் ஊற்றினோம், போட்டோ எடுத்தோம் என்று முடிகிற விஷயமில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் வகுப்பு. எல்லாம் சரியாகப் போனால் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஞானஸ்நானம். இந்த வருஷத்து வகுப்பைப் பற்றிப் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, கேளுங்கள்.

யார் அனுப்பினது?

முதல் நாள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "ஏன் வந்தீங்க?" பதில் சரியில்லை என்றால், "போய் நல்லா யோசிச்சிட்டு வாங்க" என்று நானே கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவேன். "டீச்சர், ஒருத்தர் ரெண்டு பேரையாவது மிச்சம் வையுங்க" என்பார் ஃபாதர்.

காவ்யா ஐ.டி. கம்பெனிப் பெண். வீட்டில் தமிழ், வாயைத் திறந்தால் கன்னடம். எங்கள் பங்குப் பையன் ஒருவனோடு நிச்சயம் ஆகியிருந்தது. "வருஷம் பூராவா? கிராஷ் கோர்ஸ் இல்வா மேடம்?" என்றாள். இவள் தீபாவளி தாண்ட மாட்டாள் என்று மனசுக்குள் எழுதிவைத்துவிட்டேன்.

அடுத்தவர் தங்கராசு. சொந்த ஊர் கொள்ளேகால், இங்கே ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவர் மனைவி ஸ்டெல்லா பிறவிக் கத்தோலிக்கர், எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவள். "ஸ்டெல்லா தொந்தரவு தாங்காம வந்தீங்களா?" என்று சும்மா சீண்டினேன். மனுஷனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை வான்னு அவ ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லைங்க. அதனாலதான் வந்தேன்."

காப்பி குடிக்கப் போகிறவர்கள்

ஞானஸ்நானம் பெறாதவர்கள் பூசையில் பிரசங்கம் வரைக்கும்தான் இருப்பார்கள். அது முடிந்ததும் ஃபாதர் ஆசி கொடுப்பார். எழுந்து என்னோடு பக்கத்து அறைக்கு வந்துவிட வேண்டும். அன்றைக்கு வாசித்த பைபிள் பகுதியைப் பற்றி அங்கே பேசுவோம். பழங்காலத்து வழக்கம்தான், ஆனால் எங்கள் பங்குக்குப் புதுசு. முதல் ஞாயிறு நட்டநடுக் கோயிலில் எழுந்து நடந்தபோது தங்கராசுவின் காது சிவந்துவிட்டது. "பந்தியில உக்கார வெச்சு, எலை போடறப்ப எழுப்பி விடற மாதிரி இருக்குதுங்க" என்றார். "ஈஸ்டருக்கு உங்களுக்குத்தான் முதல் எலை" என்று சமாதானம் சொன்னேன்.

சபையில் வேறு கதை ஓடியது. பிரசங்கம் முடிந்ததும் டீச்சர் கோஷ்டி சேர்த்துக்கொண்டு காப்பி குடிக்கப் போகிறாள் என்று பெண்கள் பக்கம் ஒரே பேச்சு. வந்ததே எனக்கு ஆத்திரம்! அடுத்த வாரம் திரும்பிப் பார்த்தால், எங்கள் பின்னாலேயே ரயில்வேயில் ரிட்டயர் ஆன அல்போன்ஸ் சாரும் வருகிறார். பரம்பரைக் கத்தோலிக்கர், முன்வரிசை ஆள். "நீங்க எங்கே சார் வர்றீங்க? இங்கே காப்பியெல்லாம் கிடையாது" என்று வாசலை மறித்தேன். தலையைச் சொறிந்தார். "நான் பொறந்த வாரமே தண்ணி ஊத்திட்டாங்க டீச்சர், அதுக்கப்புறம் எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலை; ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே."

பூசையைப் பாதியில் விடக்கூடாது என்று திருப்பி அனுப்பினேன். ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. பூசை முடிந்ததும் வகுப்புக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். கடைசியில் தங்கராசுவுக்கு ஞானஸ்நானத்தின்போது துணை நிற்கிற ஞானத்தகப்பனாக நிற்க அவரே முன்வந்தார்.

கல்யாணம் நின்ற வாரம்

நவம்பரில் காவ்யாவின் கல்யாணம் நின்றுபோனது. பையன் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனவன், அங்கிருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விஷயம் எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். தையல் கடைக்கு வராத செய்தி எது? பாவம், இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள் என்று அவள் பைபிளை எடுத்துத் தனியாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் முதல் ஆள். கண் வீங்கியிருந்தது. "இன்னிக்கு ரெஸ்ட் எடுத்திருக்கலாமே கண்ணு" என்று உளறினேன். நான் தனியாக வைத்திருந்த தன் பைபிளை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "அவன்தானே மேடம் போனான், நான் எங்க போனேன்?"

விட்டுப்போன வரி

ஈஸ்டருக்கு முன்னால் இயேசு கற்றுக்கொடுத்த செபத்தை இவர்களுக்குச் சொல்லித் தருவோம். நாங்கள் பரலோக மந்திரம் என்போம். பிறவிக் கத்தோலிக்கர்கள் நாங்கள் அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். தங்கராசு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடை வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில் கணீரென்று சொன்னார். ஆனால் நடுவில் ஒரு வரியைக் காணோம். நமக்குக் கெடுதல் செய்தவர்களை நாம் மன்னிப்பதுபோல நம்மையும் மன்னிக்கும்படி கேட்கிற இடம். மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்புறம்தான் கதை வந்தது. ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டதால் அவர் வீட்டில் போக்குவரத்து கிடையாது. சில வருஷத்துக்கு முன்னால் அவர் அப்பா கொள்ளேகாலில் இறந்துபோனார். கூட இருந்த தம்பி செல்வம் இவருக்குத் தகவலே சொல்லவில்லை. தலைப்பிள்ளை இவர் இருக்க, தம்பி கொள்ளி வைத்தாயிற்று. எல்லாம் முடிந்து மூன்றாம் மனுஷன் யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரியும். "அந்த முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடலீங்க" என்றபோது அந்தப் பெரிய குரல் உடைந்துவிட்டது. காவ்யா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஃபாதர் பக்குவமாகப் பேசினார். மன்னிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தாலே போதும், மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார், ஈஸ்டருக்கு வந்து நில்லுங்கள் என்றார். தங்கராசு மசியவில்லை. ஸ்டெல்லா வெளியே சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் காத்திருந்தவள். இப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றுபோகிறது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. உள்ளே இவர் சொல்கிறார்: "அந்த ஒரு வரி என் வாய்ல நெசமா வர்ற வரைக்கும் எனக்குத் தண்ணி ஊத்தாதீங்க சாமி, முதல் நாளே பொய் சொல்லிட்டு உள்ள வரமாட்டேன்."

கவலையோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆனாலும் சொல்கிறேன், என் மாணவரை நினைத்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கொள்ளேகால் பஸ்

அடுத்த வாரம் தங்கராசு கடையைப் பூட்டிவிட்டுக் கொள்ளேகாலுக்குப் பஸ் ஏறினார். நாங்கள் எல்லோரும் அவருக்காக செபம் செய்தோம். அல்போன்ஸ் சார் உபவாசமே இருந்தார். ஞாயிறு வந்தது. அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்ததுமே காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது.

போனதும் தம்பி பெண்டாட்டி சாப்பாடு போட்டிருக்கிறாள். கை கழுவிவிட்டு இவர், "நீ பண்ணுன கெடுதலை மன்னிக்கலாம்னு வந்திருக்கேன்" என்றிருக்கிறார். தம்பி துள்ளிவிட்டான். "ஓ, நான் கெட்டவன்னு கோயில்ல போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியறியா? வேதக்காரப் பொண்ணைக் கட்டுனவன் கொள்ளி வெச்சா நாங்க சுடுகாட்டுக்கு வரமாட்டோம்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் நின்னாங்க. பொணத்தைப் போட்டுக்கிட்டு ஒத்தையில நான் என்ன பண்றது? பயந்துட்டேன்!" என்று கத்தியிருக்கிறான். இவரும் பதிலுக்குக் கத்த, தெருவே கூடிவிட்டது. எங்களிடம் இதைச் சொல்லிவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மன்னிக்கறதுக்குப் போனேன் டீச்சர், சண்டை போட்டுட்டு வந்துட்டேன்."

தோளில் கை

ஈஸ்டருக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை காலை ஒத்திகைக்கு அவர் வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். செல்வம் போன் செய்து எத்தனை மணிக்குப் பூசை என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம். "அவன் பயந்துட்டேன்னு சொன்னது காதுலயே நிக்குதுங்க. சின்ன வயசுலயும் அவன் பயந்தாங்கொள்ளிதான்" என்றார். முகத்தில் அந்த இறுக்கம் இல்லை. "ராத்திரி ஞானஸ்நானத்துக்கு நிக்கறீங்களா?" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

இருட்டியதும் சடங்கு ஆரம்பித்தது. முதலில் காவ்யா, எந்த ஆணுக்காகவும் இல்லாமல் தனக்காகவே வந்து நின்ற பெண்ணைப் பார்த்துப் பார்த்து என் மனசு நிறைந்துபோனது. அடுத்து தங்கராசு தண்ணீர்த் தொட்டியருகே குனிந்தார். ஞானத்தகப்பன் அவர் தோளில் கை வைக்க வேண்டும். அல்போன்ஸ் சார் வைத்தார். அதே நேரம் பின்பெஞ்சிலிருந்து வேட்டி கட்டிய ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்து, தங்கராசுவின் இன்னொரு தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். முறைப்படி அங்கே ஞானத்தகப்பனைத் தவிர யாரும் நிற்கக்கூடாது. பதறிப்போய் நான் ஓட, ஃபாதர் கண்ணாலேயே என்னை நிறுத்தினார். தங்கராசு திரும்பிப் பார்க்கவில்லை. யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தோள் குலுங்கியது. ஃபாதர் மூன்று முறை தண்ணீரை ஊற்றினார். தம்பியின் சட்டைக்கையும் நனைந்தது.

அன்றைக்கு யாரும் அவரை எழுப்பி வெளியே அனுப்பவில்லை. பரலோக மந்திரம் வந்தது. நான் என் வாயை மூடிக்கொண்டு அவர் குரலை மட்டும் கேட்டேன். அந்த வரி வந்தபோது கோயில் முழுக்கத் தாண்டிப் போய்விட்டது. அவர் மட்டும் ஒரு நொடி பின்தங்கி, முழுசாக, ஒரு சொல் விடாமல் சொன்னார். பாடகர் குழுவில் ஸ்டெல்லாவுக்கு அடுத்த பாட்டு எழும்பவே இல்லை. அழுதாள், நானும் அழுதேன், வெட்கமென்ன!

பூசை முடிந்து வெளியே வந்ததும் டீச்சர் புத்தி போகுமா? செல்வத்தைப் பிடித்து, "நீங்க பாட்டுக்கு மேல வந்து நின்னுட்டீங்களே, அங்க யாரும் வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். ஈரச் சட்டைக்கையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எனக்கு உங்க மொறையெல்லாம் தெரியாதுங்க, அப்பனுக்குக் கொள்ளி வெக்கறப்பத்தான் அண்ணன் பக்கத்துல இல்லை, அண்ணனுக்குத் தண்ணி ஊத்தறப்பவாச்சும் நான் பக்கத்துல இருக்கோணுமில்லீங்களா?"

ஒரு வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தியது நான், கடைசிப் பாடத்தை நடத்தியது என் வகுப்புப் பக்கமே வராத ஒரு மனுஷன், இருந்தாலும் தங்கராசு என் மாணவர் என்று துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.