முப்பத்தொன்றாம் எண் கப்பல்

என்னிடம் உள்ள அஞ்சலட்டையில் தேதி போடப்படவில்லை. ராயபுரம் தபால் முத்திரையில் 1934 ஜூலை 4 என்று தெரிகிறது, அது புதன்கிழமை. பென்சிலால் எழுதியது. பிழைகளை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்.

"முப்பத்தொன்று உன்னிடம் இருப்பதாகக் கேள்வி. அது என் டப்பாவில் இருந்தது. தம்பிதான் எடுத்தான் என்று அவனை அடித்தோம். நீ எடுத்திருந்தால் அவன் எடுக்கவில்லை. ரங்கூனுக்குக் காகிதம் போட்டு அவனைக் கூப்பிடு என்று அம்மா நாலு வருஷமாகச் சொல்கிறாள். திருடனுக்கு நான் காகிதம் போட மாட்டேன். ஞாயிறு காலை வருகிறேன். படத்தை எடுத்து வை."

நலம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாக நானும் அவனும் ஒரே சாலையில் எதிரெதிரே நடந்தால் ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிப் போகிறவர்கள்.

முப்பத்தொன்று என்பது சிகரெட் பெட்டிக்குள் வைத்து வரும் ஒரு படம். விரல் நீளம், இரண்டு விரல் அகலம். அந்த வரிசையில் ஐம்பது கப்பல்கள். முன்பக்கம் வண்ணத்தில் கப்பல், பின்பக்கம் எண்ணும் நாலு வரி இங்கிலீஷும். 1921, 22இல் எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் அதில் பைத்தியம். ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் சிகரெட்டைப் பெட்டியாக வாங்கியதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே பட்டறைக்காரர்களும் ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குவார்கள். கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் அங்கேயே பற்றவைத்துக்கொண்டு நடப்பார்கள். பெட்டியை உடைப்பது கடைக்காரர். ஆகவே படம் கடையிலேயே தங்கிவிடும். தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கள் முனையில் இருந்தது ஒரே கடை. அஞ்சலட்டை எழுதியவன் அந்தக் கடைக்காரரின் மூத்த மகன்.

இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு தெருவின் ஆசை முழுவதும் ஒரு பையனின் தகர டப்பாவில் அடைபட்டுக் கிடந்தது. அவனுக்கு அப்போது பதின்மூன்று, எனக்குப் பன்னிரண்டு. ஒரு படம் வேண்டுமென்றால் அவனுக்கு மூன்று தர வேண்டும். மூன்று இல்லாதவன் அவன் பட்டத்துக்கு மாஞ்சா போட வேண்டும், அல்லது எல்லோர் முன்னிலையிலும் அவனை "ராஜா" என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டிருக்கிறேன். 1922 பிப்ரவரியில் இரண்டு தடவை, ஒரு நீராவிக் கப்பலுக்கும் ஒரு பாய்மரத்துக்கும்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் என் ஆல்பத்தைப் பார்த்தவர்கள், "அடடா, சின்ன வயசு மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிக்காது. எனக்குச் சின்ன வயசு இனித்ததில்லை. ஐம்பதையும் நான் சேர்த்தது இனித்ததால் அல்ல, கிடைக்காததால். சம்பளம் வாங்கத் தொடங்கியபின் மூர் மார்க்கெட்டில் பழைய பொருள் விற்பவர்களிடமும், ராயபுரத்து ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர்கள் வீட்டுப் பையன்களிடமும் மீதியை ஒவ்வொன்றாக வாங்கினேன். 1934 மே மாதம் ஐம்பதும் நிரம்பியது. பார்த்தவர்களில் யாரோ ஒருவர் கடை முனையில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஜூலை 8. காலை எட்டரைக்கு வந்தான். அப்பன் இறந்தபின் கடை அவன் கைக்கு வந்திருந்தது, உடம்பு பெருத்திருந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"எடுத்து வச்சியா?"

"உள்ள வா."

"உன் வூட்ல குந்தறதுக்கு வரல நான். படத்தக் காட்டு."

என் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "குந்துங்கண்ணே. நின்னுகினு சண்ட போட்டா காலுதான் வலிக்கும்" என்றாள். அவளுக்காக உட்கார்ந்தான்.

ஆல்பத்தைத் திறந்து வைத்தேன். தடித்த காகிதத்தை நானே தைத்த நோட்டு அது. முப்பத்தொன்று இரட்டைப் புகைபோக்கி உள்ள பயணிகள் கப்பல். சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தேன். ஒட்டிவிட்டால் முதுகில் உள்ள எண் மறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு படத்தின் கீழும் எண்ணையும் கிடைத்த நாளையும் மையால் எழுதுவது அந்த வயசிலேயே என் வழக்கம். இதன் கீழே "31. துந்துபி வருஷம், சித்திரை 20. சுவர் ஆட்டம். பத்தில் ஒன்று" என்று இருந்தது.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாத்துக்குடா எழுதி வச்சுகீற? திருடன் தேதி போட்டு எழுதினா சாமானு அவனுதாயிடுமா?"

"நான் திருடல."

"அந்த ரோட்ல முப்பத்தொண்ணு ஒண்ணுதான் இருந்திச்சு. என் டப்பால. அடில. முதுவுல என் கட்டவெரலு கீது. பிச்சுக் காட்டு."

அது உண்மைதான். பீடாவுக்குக் கரைத்து வைத்திருக்கும் காசுக்கட்டியில் கட்டைவிரலைத் தோய்த்துத் தன் படங்கள் எல்லாவற்றின் முதுகிலும் அவன் பதித்துவிடுவான். செம்பழுப்பாக ரேகை விழும். கடைப் படம் எது, வேறு படம் எது என்று தெருவே அதைப் பார்த்துத்தான் சொல்லும்.

"பிச்சா கிழிஞ்சிடும்" என்றேன். "ஊற வைக்கணும்."

"வை."

"ஊற வச்சா சாயம் போவும்."

"போவட்டும். உன் சாயம் வெளுக்கட்டும்."

என் மனைவி பித்தளைத் தட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். "கல்யாணம் ஆன ஆம்பளைங்க ரெண்டு பேரு. சிகரெட்டுப் படத்துக்கு இவ்ளோ பேஜாரா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அந்தப் பக்கத்தை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்துத் தட்டில் இட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவன் விசிறிக்கொண்டிருந்தான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்ததை இங்கே எழுதுவதுதான் முறை.

படம் எப்படி என்னிடம் வந்தது என்பது எனக்குத் தெரியும். என்றைக்கும் தெரியும். 1922 மே 3, சித்திரை 20, பிற்பகல். உப்புக் கிடங்கின் சுவரோரம் ஆட்டம். படத்தைச் சுவரில் வைத்துக் கீழே விழ விடுவோம்; விழும் படம் கீழே கிடக்கிற படத்தைத் தொட்டால் தொட்டவனுக்கு வெற்றி. பந்தயம் ஆளுக்குப் பத்து. மற்றவர்கள் பந்தயப் படங்களைக் கப்பல் தெரியப் பரப்பி வைப்பார்கள். அவன் மட்டும் கட்டாக, ரேகை மேலே தெரிய, கல்லுக்கு அடியில் வைப்பான். அவன் முத்திரைதான் அவனுக்குப் பெருமை. படத்தை யார் பார்த்தார்கள்? அன்று ரமலான் நோன்பு மாதம். அவன் முதன்முதலாக முழு நோன்பு பிடித்த வருஷம். வெயிலில் வந்து உட்கார்ந்தவன், எண்ணி எடுக்கப் பொறுமை இல்லாமல் டப்பாவை அப்படியே தரையில் கவிழ்த்தான். அடியில் இருந்தவை மேலே வந்தன. மேலே இருந்து பத்தை எடுத்துக் கல்லுக்கு அடியில் வைத்தான். தோற்றான். ஜெயித்த பத்தை நான் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். ஏழாவதாக இருந்தது முப்பத்தொன்று.

அன்றே ஒட்டிவிட்டேன். எண் தெரிய வேண்டுமே என்ற யோசனையைவிட ரேகை தெரியக்கூடாது என்ற யோசனைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அவன் டப்பாவின் அடியில் தேடியிருக்கிறான். இல்லை. அந்த டப்பாவைத் தொடக்கூடிய இன்னொருவன் பத்து வயசுத் தம்பிதான். கடைக்கு எதிரே தெருக்குழாய். நான் குடத்தோடு நின்றிருந்தேன். அப்பன் இடுப்புப் பட்டையைக் கழற்றி அடித்தார். தம்பி நகராதபடி மூத்தவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னவன் "நான் எடுக்கல அத்தா" என்று ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். குடம் நிரம்பி வழிந்தபின்தான் நான் நகர்ந்தேன்.

அதன்பின் எட்டு வருஷம் தெருவில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். செம்பு காணோம், கோழி காணோம், அவனைக் கூப்பிடு. 1930இல் ரங்கூன் கப்பல் ஏறினான். போகும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டான்.

படம் தட்டில் மெல்லக் கழன்று மிதந்தது. விரல் நுனியால் எடுத்துத் துணிமேல் குப்புறப் போட்டேன். எண் 31. அதன் ஓரத்தில் வெளிறிய பழுப்பில் ஒரு சின்ன ரேகை. அவன் குனிந்து பார்த்து, தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தான். விரல் அதைப்போல் இரண்டு பங்கு இருந்தது.

"என்னுதுதான்" என்றான். பிறகு, "இப்ப சொல்லு. எப்ப என் கடைல பூந்த?"

"பூரல. பத்தில் ஒண்ணுன்னு எழுதிகீது இல்ல? நோம்பு மாசம். உப்புக் கிடங்கு சுவரு. டப்பாவ கவுத்தே. பத்து எடுத்து வச்சே. தோத்தே."

"முப்பத்தொண்ண நான் பந்தயம் வப்பனா?"

"மொகத்தப் பாத்தா வச்சே? முதுவத்தானே பாத்து வச்சே."

அவன் விசிறியைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு எனுக்குத் தல சுத்திச்சு" என்றான். "டப்பாவ கவுத்தது ஞாபகம் கீது. மண்ணு ஒட்டிச்சுன்னு தம்பிதான் தொடச்சு அடுக்கினான்."

எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

"அவன அடிச்சப்ப நீ எங்க இருந்த?"

"எதிர்ல. கொழாயண்ட."

"பாத்தியா?"

"பாத்துகினுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா திருப்பிக் குடுன்னு கேட்டிருப்பே."

"கேட்டிருப்பேன்" என்றான்.

அவன் கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். ஓங்கவில்லை. ஈரப் படத்தைத் துணியோடு மடித்து எடுத்துக்கொண்டான்.

"அது என்னுது. ஜெயிச்சது" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.

"ரங்கூன் போவுது இது. உன்னுதுன்னா அங்க போய் வாங்கிக்கோ. பேனா குடு."

என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். அரைப் பக்கம்தான். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னேன். என் பெயர் அதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"திருடினான்னு எழுதியிருக்கியா?"

"இல்ல. திருடல, தெரிஞ்சும் வாய மூடிகினு இருந்தான்னு எழுதிகீறேன். தப்பா?"

"இல்ல."

"நான் தோத்தேன், தம்பி நீ எடுக்கலன்னும் எழுதிகீறேன். அம்மா கூப்புடுதுன்னும் எழுதிகீறேன். இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

ஆட்டம் நடந்த நாளை மே 5 என்று எழுதியிருந்தான். 3 என்று திருத்தச் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பை அதற்குமுன் நான் கண்டதில்லை. ஆனால் திருத்தினான். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்து, "இந்தாள எப்டிமா வச்சுகினு கீற?" என்று கேட்டான். "பழகிடுச்சுண்ணே" என்றாள் அவள். அவன் போய்விட்டான். செம்புத் தண்ணீரைத் தொடவில்லை.

அன்று மாலை வரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடும்போது மட்டும், "பத்து வயசுப் புள்ள" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

கடிதம் திங்கட்கிழமை ஜூலை 9 தபாலில் சேர்க்கப்பட்டது. அது மட்டும் எனக்குத் தெரியும், தபாலாபீஸ் வாசலில் அவனைப் பார்த்தேன். செப்டம்பர் 23, ஞாயிறு, தீப்பெட்டி வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். அவன் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவன் அம்மா பேசினார்.

"ரங்கூன்லேந்து காகிதம் வந்துச்சுப்பா. சின்னவன் நல்லா கீறானாம். வரேன்னு எழுதிகீறான்."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது. பெரியவன்தான் படிச்சுக் காட்டினான்."

மறுநாள் சாலையில் அவனையே நிறுத்திக் கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் நானாக அவனிடம் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பதிலு வந்துதா?"

"உனுக்கின்னா அதுல?" என்றான். ஓரமாக ஒதுங்கினான். பத்தடி போய்த் திரும்பி, "வரல" என்றான்.

இதை எழுதுவது 1938இல். தம்பி இதுவரை ஊர் வரவில்லை. இரண்டு வாக்குமூலங்களையும் அந்தந்தத் தேதியில் குறித்து வைத்திருக்கிறேன். தாய்க்காக மகன் வராத கடிதத்தைப் படித்துக் காட்டினானா, அல்லது வந்த கடிதத்தை எனக்கு இல்லை என்றானா, தெரியாது. உறையை நான் பார்த்ததில்லை. ரங்கூனிலிருந்து பதில் வந்ததா என்பது உறுதிப்படவில்லை.