கட் பண்ணினால் காசு மிச்சம்

“முதல் பட்டதாரி சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வச்சிருக்கியே புள்ள, அதைக் காட்டினா ஜெயில்ல உங்கப்பன ரெண்டு நிமிஷம் கூடுதலா பேச விட்டுருவாங்களா?”

கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரி வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். அதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுபவரும் இதே மாமாதான். என்னை நேரில் பார்த்தால் மட்டும் அவர் வாய் வேறு பாதையில் போய்விடும்.

ஜெயிலுக்கு ஒரு மனு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. மனு எதற்கு என்றால், எல்லாம் அம்மாவின் சிக்கனத்தால் வந்தது.

எங்கள் ஊர் கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டு, மேலே இருப்பவர்கள் எல்லாரும் குளித்து முடித்தபிறகுதான் எங்கள் வாய்க்காலுக்கு ஞாபகம் வரும். அப்படி வந்த தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரரோடு தகராறு. அப்பா மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவர் கை முறிந்துவிட்டது. அப்பா செய்தது தப்பு. நீதிபதியும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

உள்ளே அப்பாவுக்குத் தறி வேலை. கூலி அவர் பெயரிலேயே ஜெயிலில் சேரும். சோப்பு, பல்பொடி, பிஸ்கட், போன் எல்லாம் அதில்தான். பதிவு செய்த நம்பருக்கு மட்டும், அவருடைய முறை வரும்போது, சில நிமிஷங்கள் பேசலாம். என் நம்பரைக் கொடுக்கலாம் என்றேன். “உங்கம்மா நம்பரையே குடு பாப்பா” என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அன்று முழுவதும் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் கல்லூரியில் இருந்தேன். அம்மா எடுத்தாள். அப்பா குரல்தான் என்று உறுதி செய்துகொண்டாள். உடனே கட் பண்ணினாள்.

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சொந்தத்தில் யார் கூப்பிட்டாலும் இதுதான் மரியாதை. கூப்பிட்டவர் காசு கரையக்கூடாது, அதனால் வைத்துவிட்டு நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதுவும் நான் அம்மாவுக்கு அன்லிமிடெட் பேக் போட்டுக்கொடுத்த பிறகு, அவள் யாருடைய காசையும் கரைய விடுவதில்லை. மகளிர் குழுவில் அவளுக்கு அதனால் நல்ல பெயர்.

அம்மா திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை வந்தது. சென்ற தடவை தாமதமாகக் கட் பண்ணியதால்தான் அவர் போய்விட்டார் என்று, இந்த முறை “ஹலோ” முடியுமுன்பே கட் பண்ணினாள். மூன்றாவது முறை இன்னும் வேகம்.

பிறகு ஒரு மாதம் போன் வரவேயில்லை.

அம்மா நடவுக்குப் போகும்போது போனைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போதே யார் போன் அடித்தாலும் நிமிர்வாளாம். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். “அவரு நம்மள வேண்டாம்னுட்டாருடி” என்றாள் ஒரு நாள், பாத்திரத்தைப் பார்த்து.

நான் தஞ்சாவூரில் பஸ் மாறிப் போய், அப்பாவைப் பார்க்க மனு போட்டு, கம்பிவலைக்கு முன்னால் நின்றேன். இந்தப் பக்கம் நாங்கள் வரிசையாக, அந்தப் பக்கம் அவர்கள் வரிசையாக. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்பா இளைத்திருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

“உங்கம்மாவுக்கு என் குரல் கேக்கப் புடிக்கலன்னா சொல்லிட வேண்டியதுதானே பாப்பா? காசு குடுத்து நான் அசிங்கப்படணுமா?”

“ஐயோ அப்பா, அது உங்க காசு போயிடும்னு கட் பண்ணுது. திருப்பிக் கூப்பிடுறதுக்கு.”

“மொத தடவ நானும் அப்படித்தான் நெனச்சேன். இங்க திருப்பிக் கூப்பிட முடியாதுன்னு அதோட தெரிஞ்சிருக்கும்ல? மூணு தடவையா?”

“அம்மா வேகம் பத்தலன்னு நெனச்சிக்கிச்சு.”

அப்பா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, “கிறுக்கி” என்றார். பிறகு சிரித்தார். காவலர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அவரைப் பார்த்து அந்தப் பக்கத்தில் இரண்டு பேர், விஷயம் தெரியாமலே சிரித்தார்கள்.

“சனிக்கிழம பண்றேன். கட் பண்ணாம பாத்துக்குவியா?”

“அதுக்கு நான் பொறுப்பு.”

சொல்லிவிட்டேனே தவிர, அம்மாவின் கட்டைவிரலுக்கு யார் பொறுப்பு ஏற்க முடியும்? எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டுவாள். போன் அடித்தால் விரல் தன் வேலையைப் பார்க்கும். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பட்டன் போனின் மூடியைக் கழற்றினேன். சேஃப்டி பின்னை விட்டு நெம்பி, சிவப்புப் பட்டனைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

இதன் பலனை முதலில் அனுபவித்தது ஒரு கடன் கம்பெனிப் பெண். வழக்கமாக இரண்டு வார்த்தையில் துண்டிக்கப்படுபவள், அன்று கடைசிவரை பேசினாள். அம்மாவும் வேறு வழியில்லாமல் முழுவதையும் கேட்டாள். “எவ்ளோ நேரமா பேசுற, தண்ணி குடிச்சியாம்மா?” என்று விசாரித்தாள். வைத்தது அந்தப் பெண்தான்.

“இவளப் படிக்க வச்சதுக்குப் போன் போச்சு” என்றார் மாமா.

சனிக்கிழமை போன் அடித்தபோது அம்மா எடுத்தாள். “ஹலோ” என்று அப்பா குரல். அவள் கட்டைவிரல் போய்ப் பள்ளத்தில் அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள், திருடனைப் பார்ப்பது போல. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“சாப்டீங்களா?”

“சாப்டேன். நீ?”

“ஆச்சு. என்ன கொழம்பு?”

“சாம்பாரு மாதிரி ஒண்ணு.”

அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு முழு நாள் தறி ஓட்டின கூலி, இரண்டு பேர் மூச்சு விடுவதில் போய்க்கொண்டிருந்தது. ‘பேசு’ என்று அம்மாவின் தொடையில் கிள்ளினேன்.

“உங்க காசு போகக்கூடாதுன்னுதாங்க வச்சேன்” என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

“காச மிச்சம் புடிச்சு உள்ள நான் என்னடி பண்ணப் போறேன்? இதுக்குத்தான் நெய்யிறேன்.”

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நாற்று, ஆடு, மாமாவின் பல்வலி, என் மார்க் எல்லாம் கொட்டினாள். மார்க்கில் பத்தைக் கூட்டியே சொன்னாள், நான் திருத்தவில்லை. ஆடு குட்டி போட்ட கதை பாதியில் இருக்கும்போது நேரம் முடிந்து லைன் தானாக அறுந்தது.

“நான் கட் பண்ணலடி!” என்று அம்மா அலறினாள். “சத்தியமா நான் இல்ல!”

மறுமுறை பார்க்கப் போனபோது வரிசையில் நின்ற பெண்களிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா சிரிக்கவில்லை. அவரும் இரண்டு முறை கட் பண்ணியிருக்கிறார். இன்னொருவர், தெரியாத நம்பரை எடுக்காதே என்று பேங்கில் சொன்னதால், மகன் கூப்பிட்ட நம்பரை பிளாக் செய்தே வைத்திருந்தார். அங்கேயே நின்று அவருடைய பிளாக்கை எடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் மனு எழுதுவது என்று முடிவு செய்தேன். மாமா அந்தக் கேள்வியைக் கேட்டதும் அன்று மாலைதான்.

எழுதிவிட்டேன். பேச்சு தொடங்கும் முன், ‘இது சிறையிலிருந்து வரும் அழைப்பு. திருப்பிக் கூப்பிட முடியாது. தயவுசெய்து கட் பண்ணாதீர்கள்’ என்று தமிழில் ஓர் அறிவிப்பு வேண்டும். அரை நிமிஷத்துக்குள் அறுந்துபோகும் அழைப்புக்குக் காசு பிடிக்கக்கூடாது, முறையும் கழியக்கூடாது. வரிசையில் நின்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். மாமாவுக்காக என் முதல் பட்டதாரி சான்றிதழின் நகலையும் சேர்த்தேன். அது தேவையே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

போன திங்கட்கிழமை ஜெயில் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கினவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கடைசித் தாளில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“இணைப்பு இரண்டு, சார். எங்கம்மா போன் கட் பட்டன்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், பட்டனை ஒரு தடவை பார்த்தார். என் நகலில் தேதி போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அதை லேமினேட் பண்ணக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.