மைமூன் லாத்தா கேட்ட ஹீட்டர்

இப்போது நான் வேலை பார்க்கும் ரோலாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. காயல்பட்டினத்திலிருந்து மைமூன் லாத்தாவின் மகள். “உம்மா மவுத்தாயிட்டாங்க மாமி. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு” என்றாள். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

முன்பு தம்மாமில் அரபி வீடுகளில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு லாத்தாவைத் தெரியும்; நம் எல்லாருக்கும் அக்கா அவர். எனக்கு அதிகம் எழுத வராது. ஆனாலும் இதை நான் எழுதாமல் யார் எழுதுவது?

ஒரே வீட்டில் அவர் சமையல், நான் துடைக்கிற வேலை. அவர் அடுக்களையை ஒட்டிப் படுப்பார். என் அறை வெளியே, மதிலோரம், தகரக் கூரை போட்டது. ஜனவரியில் அங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும். கரண்ட் பில் ஏறுகிறது என்று என் அறை ஹீட்டரை மேடம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் ஆளில்லாத அறையிலும் ஹீட்டர் ஓடியது.

விடியலில் தொழுதுவிட்டு லாத்தா முற்றத்துக்கு வருவார். மிச்ச குபூஸ் ரொட்டியை வெந்நீரில் நனைத்துப் பிய்த்து மதில்மேல் வைப்பார். புறா, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்து இறங்கும். தண்ணீர்த் தட்டை நிரப்புவது நான். “சத்தம் போடாமத் தின்னுங்க. மேடம் முழிச்சா உங்களுக்கும் பில்லுப் போடுவா” என்பார்.

ஒருநாள் குளிர் பொறுக்காமல், விருந்தாளிகளுக்குச் சாம்பிராணி போட்ட கரித்தட்டை என் அறைக்குக் கொண்டுபோனேன். கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டுப் படுத்தேன். எங்களில் பலரும் அப்படிச் செய்வதுதான். புகை அடங்கிய கரியும் ஆளைக் கொல்லும் என்று யாரும் சொன்னதில்லை.

காலையில் பறவைகளின் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடந்ததைப் பார்த்து லாத்தா என் கதவைத் தட்டினார். எனக்குக் கேட்டது. எழ முடியவில்லை. கையும் காலும் யாருடையவோ போல் கிடந்தன.

“செல்வி! புள்ள! கதவத் தொறடி!”

வாய் திறக்கவில்லை எனக்கு. பூண்டு இடிக்கிற கல்லால் ஜன்னலை உடைத்தார். கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, என்னை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்.

கண்ணாடிச் சத்தம் கேட்டு மேடம் கத்திக்கொண்டே வந்தார். லாத்தாவின் கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

“ஹீட்டர் மாஃபி, சமையல் மாஃபி” என்றார் லாத்தா. ஹீட்டர் இல்லையென்றால் சமையலும் இல்லை.

“உன்னை நாளைக்கே ஊருக்கு ஏற்றிவிடுவேன்.”

“ஏத்து. இன்னைக்கு மதியம் வர்ற உன் விருந்தாளிக்கு நீயே சமை.”

அவருக்கு அப்போது இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், “ஹீட்டர் தருகிறேன். இந்தப் பறவைக் கூத்து இன்றோடு நிற்க வேண்டும். காரெல்லாம் எச்சம்” என்றார்.

லாத்தா மதிலை ஒருமுறை பார்த்தார். “கலாஸ்” என்றார், முடிந்தது என்று.

மறுநாளும் அவை வந்தன. வெறும் மதிலைக் கொத்திவிட்டுக் கத்தின. நான் அழுதேன். “எனக்காகப் போய் அதுங்க பட்டினி கிடக்குதே லாத்தா.”

“அதுக்கு ரெக்கை இருக்கு புள்ள. வேற மதிலுக்குப் போவும். உனக்குப் பாஸ்போட்டுகூட கையில இல்ல.”

சொன்னாரே தவிர, அந்தக் குளிர் முடியும்வரை அடுக்களை ஜன்னல் பக்கம் அவர் திரும்பவில்லை.

லாத்தாவின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது, கட்டுப்போட்ட கையோடு வெங்காயம் அரிந்துகொண்டு நின்ற அவர் முதுகு. வெளியே குருவிகள் கத்தக் கத்தத் திரும்பாமல் நின்ற முதுகு.